மாரிக்காலத் தோட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுத்தோட்டக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் தொடர்மாடிகளில் குடியிருப்பவர்கள்தான் பெரும்பாலும் உறுப்பினர்கள். ஆகவே புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரை நாங்கள் செய்ததெல்லாம் யாரோ ஒருவருடைய மொட்டைமாடியில், யாரோ ஒருவருடைய தண்ணீரில், யாரோ ஒருவருடைய பொறுமையில் நடந்தது. அதிகம் செலவழிந்தது பொறுமைதான். கடன் வாங்கியதை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறவே இந்த மடல்.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஒக்டோபரில் இலை கூட்டுகிறார்கள். நிலம் உறைவதற்குமுன் உள்ளிப் பல்லையும் டியூலிப் கிழங்கையும் புதைத்துவிட்டு வசந்தம் வரும்வரை வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதே மாதத்தில்தான் வேலை தொடங்குகிறது. பெரும்போகத்துக்கு ஊரெல்லாம் விதைக்கும் காலம். கொழும்பில் காலையில் வெயில் அடிக்கும், பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும். அதனால் எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் காலையிலேயே. சனிக்கிழமை விடியப் படியேறி வந்த எங்களைச் சகித்துக்கொண்ட மாடி வீட்டுக்காரர்களே, உங்களுக்கு முதல் நன்றி.

மொட்டைமாடியைத் திறந்துவிட்ட தொடர்மாடி நிர்வாகக் குழுவினரின் தயக்கம் நியாயமானது. நனைந்த மண் ஒரு கனமீற்றர் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறை வரும். அதைக் கண்ட இடத்தில் குவித்தால் கீழ்வீட்டுக்காரருக்கு நித்திரை வராது. அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தவர் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா. கட்டட வரைபடத்தைத் தேடி எடுத்து, தூணும் வளையும் எங்கே போகின்றன என்று பார்த்து, பாரமான தொட்டிகளை அந்தக் கோட்டின்மேல் மட்டும் வைக்கச் சொல்லி, தரையில் வெண்கட்டியால் கீறியும் தந்தார். தொட்டிக்குள் மண்ணைக் குறைத்து தும்புத்தூளும் கூட்டெருவும் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். மழைநீர் ஓடும் வழியில் ஒரு சட்டியும் இருக்கக்கூடாது என்ற அவருடைய கட்டளை இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. ஐயா, உங்கள் வெண்கட்டிக் கோடு மழையில் அழிந்துவிட்டது, பெயின்ற்றால் மறுபடி கீறியிருக்கிறோம். ஏறி வந்து பாருங்கள்.

விதைக்கு நன்றி சொல்ல வேண்டியவர் புறக்கோட்டையில் விதைக்கடை வைத்திருக்கும் முதலாளி. காலாவதித் திகதி கிட்டிய பைக்கற்றுகளை எறியாமல் எங்களுக்கென்று எடுத்துவைத்தார். பத்து விதையை ஈரக் கடுதாசியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே பங்கிட்டோம். பயற்றங்காயும் வெண்டியும் நன்றாக வந்தன. கத்தரிதான் கொஞ்சம் மோசம். இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லக்கூடாது, சரி.

ரொறன்ரோ சித்தியும் ஒரு பெட்டி நிறைய விதை அனுப்ப ஆயத்தமாக இருந்தார். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதையும் செடியும் அனுமதியில்லாமல் உள்ளே வரக்கூடாது என்று சொன்னதும் முதலில் முகம் கறுத்தார். ஆனால் புதுப் பூச்சியோ நோயோ ஒரு பைக்கற்றில் வந்து சேர்ந்தால் அடிபடப்போவது எங்கள் மாடித் தொட்டியல்ல, தம்புள்ளையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் தோட்டக்காரர்கள். சித்தி அதை விளங்கிக்கொண்டு, விதைக்குப் பதிலாகக் கையுறைகளும் கிளை வெட்டும் கத்தரிகளும் அனுப்பினார். நத்தை பிடிக்க அந்தக் கையுறைகள் எவ்வளவு உதவின என்பதைக் கீழே வாசியுங்கள் சித்தி.

மழை விழுந்து ஒரு கிழமைக்குள் ஆபிரிக்கப் பெருநத்தை வந்துவிடும். பகலில் மதில் இடுக்கில் ஒளிந்திருக்கும், இரவில் வந்து நாற்றுகளை அடிமட்டமாகத் தின்றுவிட்டுப் போகும். மருந்து போடாமல் கையால் பொறுக்குவது என்று முடிவெடுத்தோம். எலியிலிருந்து வரும் ஒருவகைப் புழு நத்தையின் உடலில் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடவும் கூடாது, சின்னப் பிள்ளைகளை விடவும் கூடாது. எனவே உயர்தரம் படிக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் கையுறையோடு இறங்கினார்கள். பப்பாசித் தோலை ஈரச்சாக்கின்கீழ் வைத்துவிட்டு, எட்டு மணிக்குமேல் டோர்ச் அடித்துப் போனால் வாளி நிறையும். பிறகு உப்புத் தண்ணீர், ஆழமாக ஒரு கிடங்கு, அவ்வளவுதான். ஒழுங்கையில் இருட்டில் மதிலோரம் குனிந்து திரிந்தவர்களைக் கள்ளர் என்று நினைத்துக் கத்திய அங்கிளுக்கும் நன்றி. விசயம் தெரிந்த அடுத்த இரவே அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வந்துவிட்டார். படிப்பை விட்டுவிட்டு நத்தை பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு என்ன சொல்வது? பரீட்சை நல்லபடி முடிய எங்கள் எல்லோருடைய வாழ்த்தும்.

இந்த மடலில் ஒருவருக்கு மட்டும்தான் நன்றி சொல்லலாம் என்று யாராவது சொன்னால், நான் ஒழுங்கை கூட்டும் துப்புரவுப் பணியாளர்களைத்தான் சொல்வேன். காய்ந்த இலையைப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அது அவர்களுடைய வேலையில் இல்லை. கேட்டதற்கு, "நீங்கள் எடுத்தால் எங்களுக்கு லொறியில் பாரம் குறையும்" என்று சிரித்தார் ஒரு அக்கா. 2017 ஏப்ரல் 14, புதுவருட நாளில் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த நகரம் மறக்க முடியாது. வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு மரக்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும்தான். அதைக் கூட்டெருவாக்கக் காய்ந்த இலை கட்டாயம் வேண்டும்: ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி இலை. மாரிக்காலத்தில் காய்ந்த இலை கிடைப்பதுதான் கொழும்பில் பெரிய பாடு. அந்த அக்காமார் வெயில் நாட்களில் சேர்த்துத் தந்த சாக்குகளை மாடிப்படியின்கீழ் அடுக்கி வைத்துத்தான் நவம்பர் முழுக்கச் சமாளித்தோம்.

எரு தொட்டியில் ஈரம் கூடியதை எங்களுக்கு அறிவிப்பவர் மூன்றாம் மாடி அன்ரி. அவருடைய மூக்குக்கு ஈடான கருவி சந்தையில் இல்லை. "தம்பி, இன்றைக்கு மணக்குது" என்று ஒரு குரல் வந்தால், இரண்டு கை இலை போட்டுக் கிளறிவிடுவோம், மணம் அடங்கிவிடும். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதாமல் நேரே எங்களிடம் சொன்னதற்கு நன்றி அன்ரி.

நுளம்பு விசயத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா முதலில் வந்தபோது எல்லோருக்கும் வயிறு கலங்கியது உண்மை. மழைக்காலம், டெங்குக் காலம், மேலே நூற்றுக்கணக்கான சட்டிகள். அவர் தண்டம் எழுதும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்த்து, தட்டே வேண்டாம், கட்டாயம் வேண்டுமென்றால் மணலால் நிரப்புங்கள் என்றார். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை எல்லா நீரையும் கவிழ்த்தே ஆகவேண்டும் என்று கணக்குச் சொன்னார். அன்னாசிபோல இலைக்கிண்ணத்தில் தண்ணீர் தேக்கும் அலங்காரச் செடிகளை நாங்கள் யோசித்தே இருக்கவில்லை. அவற்றைக் கீழே இறக்கிவிட்டோம். ஞாயிறு தட்டுக் கவிழ்ப்பு இப்போது எங்கள் நிரந்தர நிகழ்ச்சி.

1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கத்தில் மறுமுனையில் பேசிய உத்தியோகத்தரையும் முகம் தெரியாமலே நினைக்கிறோம். கொச்சிக்காய் இலை சுருள்கிறது என்றதும், "மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?" என்று கேட்டார். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. இவ்வளவு காலமும் எல்லாவற்றுக்கும் சவர்க்காரத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு கேள்வியே ஒரு பயிற்சிப் பட்டறை.

ஒக்டோபர் 1 எங்கள் நாட்டில் சிறுவர் தினம், அன்றே முதியோர் தினமும். இரண்டையும் சேர்த்து ஒரே காலையில் வைத்தது நல்ல யோசனை (என் யோசனை அல்ல). தாத்தாமார் பாட்டிமார் சொல்ல, பிள்ளைகள் நட்டார்கள். வல்லாரை, பொன்னாங்காணி, தூதுவளை, முசுட்டை எல்லாம் வந்தன. மேல்மாடிச் சிங்கள அக்கா கங்குன் கீரைத் தண்டு ஒரு கட்டு கொண்டுவந்து, எப்படி வெட்டினால் திரும்பத் திரும்பத் தளிர்க்கும் என்று காட்டினார். லொறி நானா ரம்பைக் கன்றுகளோடு வந்ததுமல்லாமல், கூலி வாங்காமல் எருச்சாக்குகளையும் ஏற்றி இறக்கினார். நவராத்திரிக்குக் கும்பத்தடியில் முளைக்கவிடும் நவதானியத்தைப் பிள்ளைகளே வீட்டில் விதைத்து, பாடசாலை வாணி விழாவுக்கும் கொண்டுபோனார்கள். ஆசிரியர்களுக்கு நன்றி.

கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்குப் போன பயணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, போனவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டார்கள். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகளை நடவென்றே உருவான இடம் அது. நிலையத்திலிருந்து எங்களை ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிக்கும், மழையில் குடை பிடித்துச் சுற்றிக் காட்டிய பூங்கா ஊழியருக்கும் நன்றி.

கடைசியாக, பனம்பாத்தி. கொழும்பில் பனங்கிழங்கு போடப்போகிறோம் என்றபோது சிரித்தவர்கள் பலர். தெஹிவளையில் மணல் பாங்கான தன் பின்வளவைத் தந்த மாமி சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு கட்டு கிழங்கு" என்ற ஒரே நிபந்தனை. சாவகச்சேரியிலிருந்து இரவு பஸ்ஸில் பனங்கொட்டைச் சாக்குகள் வந்தன. அந்த மணத்தோடு விடியும்வரை பயணம் செய்த சக பயணிகளே, நீங்கள் யாரென்று தெரியாது, ஆனாலும் இந்த மடல் உங்களுக்கும்தான். சாக்கை இறக்கிவைத்துவிட்டு மூக்கைப் பொத்திய நடத்துநர் அண்ணைக்கும்.

வேலை முழுவதும் எண்பது தாண்டிய எங்கள் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் நடந்தது. கதிரையை வளவு நடுவில் போட்டு இருந்துகொண்டார். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், மண் பொறுபொறுவென்று முழங்கால் உயரத்துக்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு கட்டையாகக் கோணலாக வரும் என்றார். கொட்டைகளை நெருக்கமாக அடுக்கச் சொன்னார். ஊரில் தேவைப்படாத ஒரு வேலையையும் கொழும்பு மழைக்காகச் சேர்த்தார்: பாத்தியைச் சுற்றி வாய்க்கால். தண்ணீர் நின்றால் கொட்டை அழுகிவிடும். வங்கியில் கணினி தட்டும் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்த விதத்தைப் பார்த்து அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் நவம்பர் மழை அத்தனையையும் பாத்தி தாங்கியது. ஐயா, திட்டியதற்கும் நன்றி.

தீபாவளிக்கு முன் நடந்த செடி விற்பனைக்கு மேசையும் பந்தலும் தந்தவர்களுக்கு, கேதாரகௌரி விரத நாட்களிலும் வந்து நின்று விற்ற அக்காமாருக்கு, பிளேன்ரீயும் உளுந்து வடையும் வந்துகொண்டே இருக்கச் செய்த சமையலறைகளுக்கு, தண்ணீர்க் குழாயின் திறப்பை நம்பித் தந்த காவலாளி அண்ணைக்கு நன்றி. எல்லோரும் பூச்செடியைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், கறிவேப்பிலைக் கன்றுகள் மீந்துவிட்டன. கறிவேப்பிலையைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு மாடியில் ரோசாவோடு போராடுவது எனக்கு விளங்காத விசயம், ஆனால் அவரவர் விருப்பம். விற்பனைக் கணக்கு கீழ்மாடி அறிவித்தல் பலகையில் இருக்கிறது.

இரண்டு சிறு வேண்டுகோள். வாளி, அரிதட்டு, மண்வெட்டி இரவல் தந்தவர்கள் தங்கள் பொருளை மாடிப்படியின்கீழ் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மீந்த கறிவேப்பிலைக் கன்றுகளும் அங்கேயே இருக்கின்றன, அவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். பாத்தியைப் பொங்கலுக்குப் பிறகு வரும் ஞாயிறு காலை கிண்டுகிறோம். முதல் கட்டு மாமிக்கு, இரண்டாவது கதிரை ஐயாவுக்கு. மற்றவர்களுக்கு வந்த வரிசைப்படி. பை கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
குழுவின் செயலாளர்