காசு வாங்கினதை முதல் வரியிலயே சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன மாசம் எங்க அம்மா ஒரு பிளாக்ல படிச்சுட்டு சுகருக்கு நல்லதுன்னு ஒரு பொடி வாங்கி, மாத்திரையவே நிறுத்தப் பாத்தாங்க, நான்தான் சண்டை போட்டு தடுத்தேன். அப்புறம் பாத்தா காசு வாங்கிட்டு எழுதுனதாம், அடியில குட்டியா ஒரு வரி, அம்மா கண்ணுக்கு அது எங்க தெரியும்? 2023 ஜனவரியிலயே மத்திய நுகர்வோர் துறை, காசோ இலவசப் பொருளோ வாங்குனா அதை எளிய மொழியில பளிச்சுன்னு சொல்லணும்னுருச்சு, ஏமாத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை அபராதமும் இருக்கு. ஆனா எழுதுறவங்களே சேர்ந்து ஒரு நெறிமுறை வச்சுக்கிட்டா என்ன? 2007ல அமெரிக்காவுல கணினிப் புத்தகங்கள் வெளியிடுற டிம் ஓ'ரைலி, பிளாக் எழுதுறவங்களுக்கு இப்படி ஒரு நெறிமுறை வேணும்னு சொன்னப்ப கருத்து சுதந்திரம் போயிரும்னு பலர் எதிர்த்தாங்க, அந்தப் பயம் புரியுது. நான் கருத்தைத் தடுக்கச் சொல்லல. வாங்குன காசை முதல் வரியில சொல்லுங்க, தப்புன்னு தெரிஞ்சா சத்தமில்லாம அழிக்காம திருத்தம் போடுங்க, மருந்து விஷயத்துல டாக்டர்கிட்ட கேக்காம எழுதாதீங்க.

- ஒரு வாசகி, மதுரை