மிதிவண்டியில் உணவு கொண்டுசெல்லும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். நேற்று மாலை பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், நம் தம்பி ஒருவர் விழுந்துவிட்டார். நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது, அவ்வளவுதான். முழங்கையில் சிராய்ப்பு, பையிலிருந்த மீன் கறி முழுவதும் தார்ச்சாலையில். கறி வரவில்லை என்று உடனே புகார் வந்தது. கைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். ஒரு கதவு அகலம், ஏறக்குறைய 1 மீட்டர், இடைவெளி விடுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும்! மழையில் சாக்கடையின் இரும்பு மூடிகள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அவற்றின்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

கார், மோட்டார் சைக்கிள் மோதினால் முதலில் அதன் எண்ணைப் படமெடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிடுங்கள். ஆம்புலன்சுக்கு 999. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ (மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. இன்னும் பதியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், படிவம் நிரப்ப உதவுகிறேன்.

பின்விளக்கு இல்லாதவர்கள் ஞாயிறு காலை பசியாறிவிட்டுக் கடைக்கு வாருங்கள். என்னிடம் நான்கு இருக்கின்றன, முந்துபவர்களுக்கே.