பதினோராவது ஊசி போட்ட சிஸ்டருக்கு நன்றி

2021 ஜூனில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கொரோனா தடுப்பூசி மையத்தில் அம்மாவுக்கு இரண்டாவது ஊசி போட்ட சிஸ்டருக்கு இந்தப் பதிவு. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைத் தவிர, உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

அதற்கு முந்தைய வாரங்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஊசிக்கு முன்பதிவு செய்யும் கோவின் தளத்தில் ஓடிபி வருவதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிடும். போதாததற்கு, கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டு டோஸுக்கு இடையிலான இடைவெளியை மே மாதம் 12 வாரத்துக்கு மேல் நீட்டிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

அன்றும் டோக்கன் தீர்ந்துவிட்டது என்றார்கள். திரும்பிய எங்களை, "அம்மா, போக வேண்டாம், கொஞ்சம் இருங்கள்" என்று தமிழில் நிறுத்தினீர்கள். குப்பி ஒன்றுக்கு 10 பேர் என்பதே கணக்கு. ஆனாலும் சற்றுக் கூடுதலாகத்தான் நிரப்பியிருப்பார்களாம். குப்பியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், ஊசியில் கோடு வரை மருந்தை ஏற்றினீர்கள். அம்மா அன்று 11ஆவது ஆள்.

வந்த 73,38,806 டோஸிலிருந்து கேரளம் 74,26,164 டோஸ் போட்டதாக அந்த மே மாதமே முதல்வர் சொல்லியிருந்தார். அது உங்களைப் போன்றவர்களின் கைவேலை.

அன்றிரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார். நாங்களும்தான். நன்றி, சிஸ்டர்.