பெட்டியாக வாங்காதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீலக் கலர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பிளேரிங் டூல், கட்டர், கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ், ஆலன் கீ எல்லாம் பள்ளம் பள்ளமாக அடுக்கியிருக்கிறது, கூடவே ஒரு ஜோடி கையுறை இலவசம். "மாமா, இது ஒண்ணு வாங்கிட்டாப் போதும்ல?" என்று கேட்டிருந்தாய். போதாது. அதை வாங்கவும் வேண்டாம். காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு அடுத்த கம்ப்ளைண்ட் வந்துவிடும். ஐடிஐ முடித்து ஏசி சர்வீஸில் அப்ரண்டிஸாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

உன் ஸ்டைபண்டில் மெஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை இரண்டே இடத்தில் போடு. காப்பர் பைப்பின் வாயைத் தொடுகிற சாமான் ஒன்று, கரண்ட்டைத் தொடுகிற சாமான் ஒன்று. இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் பார்க்காதே. மற்றதை இரவல் வாங்கலாம், பழசு வாங்கலாம், ஆறு மாசம் தள்ளியும் போடலாம். பெட்டி போட்டு விற்கிறவன் இதைத் தலைகீழாகச் செய்திருப்பான். படத்தில் எடுப்பாகத் தெரிவது கேஜ் என்பதால் காசு அங்கே போயிருக்கும். கட்டரின் சக்கரம் என்ன இரும்பு என்று படத்தைப் பார்த்து யாருக்குத் தெரியப்போகிறது?

முதலில் பைப் வாய். ஸ்பிளிட் ஏசியில் "போன வருஷம்தான் கேஸ் போட்டோம், மறுபடியும் கூலிங் இல்லை" என்று கஸ்டமர் சொன்னால் பெரும்பாலும் பிளேர் ஜாயிண்டைத்தான், அதாவது பைப் வாயைப் புனல் மாதிரி விரித்து நட்டால் இறுக்கிய இணைப்பைத்தான், முதலில் பார்ப்போம். அந்த ஜாயிண்டில் வாஷர் கிடையாது, பேஸ்ட் கிடையாது. காப்பரும் பித்தளையும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்பதுதான் சீல். 45 டிகிரியில் விரிந்த அந்த வாயில் ஒரு முடி அளவு கீறல் இருந்தாலும் கேஸ் வழி கண்டுபிடித்துவிடும்.

அதனால் முதல் செலவு நல்ல டியூப் கட்டர். கடைக்குப் போகும்போது பையில் ஒரு சாண் அரை இஞ்ச் பைப் துண்டு எடுத்துப் போ. கட்டரை வாங்கி அதில் மாட்டி, சும்மா தொடுகிற அளவுக்கு இறுக்கி ஒரு சுற்று சுற்று. விழுகிற கோடு ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர வேண்டும். மரை மாதிரி வழுக்கிக்கொண்டு தள்ளிப் போனால் சக்கரமும் ரோலரும் நேரில் இல்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடு. கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடையே வேண்டாம். ஸ்பேர் சக்கரம் கிடைக்கிற மாடலா என்றும் அங்கேயே கேள். பெரிய கட்டர் ஒன்றோடு, உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக் கட்டர் ஒன்றும் வேண்டும். இண்டோருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிய பைப்பில் பெரியது சுற்றாது. இரண்டும் கையில் இல்லாத நாளில் ஹேக்சா பிளேடை எடுக்கத் தோன்றும். எடுக்காதே. அந்தக் காப்பர் தூள் பைப்புக்குள் விழுந்தால் ஒருநாள் கேஸ் போகிற குறுகிய வழியான கேபிலரியிலோ எக்ஸ்பான்ஷன் வால்விலோ போய் உட்காரும்.

ரீமர் சின்னச் சாமான், அதனாலேயே எல்லாரும் மறக்கிறார்கள். கட்டர் வெட்டிய பிறகு பைப்பின் உள் விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் பிளேர் போட்டால் விளிம்பு பிளந்துகொள்ளும். சுரண்டும்போது பைப் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும், தூள் வெளியே விழும்.

இனி பிளேரிங் டூல். உன் முழுக் கவனமும் இங்கேதான் வேண்டும். நம்மிடம் வருகிற பைப் எல்லாம் இஞ்ச் கணக்கு. இரண்டு நூல், மூன்று நூல், அரை இஞ்ச், ஐந்து நூல் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). மில்லிமீட்டரில் சொன்னால் 6.35, 9.52, 12.7, 15.88. விலை மலிவாக வருகிற சில செட்டில் பைப்பைப் பிடிக்கிற பார் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும்: 6, 8, 10, 12 என்று ஓட்டைக்கு மேல் பொறித்திருக்கும். 6 மி.மீ. ஓட்டையில் இரண்டு நூல் பைப்பைப் பிடித்தால் நசுங்கும். 10 மி.மீ. ஓட்டையில் மூன்று நூல் பைப்பைப் பிடித்தால் கோன் அழுத்தும்போது பைப் நழுவிக் கீழே போகும். பாரில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளிச்சத்தில் வாசித்துவிட்டு வாங்கு.

பைப் வாயை விரிக்கிற கோன் இரண்டு வகை. நேராக இறங்குகிற சாதாரணக் கோன் ஒன்று. மையம் விலகி உருண்டு உருண்டு இறங்குகிற எசென்ட்ரிக் கோன் இன்னொன்று, அதில் போதுமான அளவு விரிந்ததும் கிளட்ச் "டக்" என்று விட்டுவிடும். இரண்டாவது விலை கூடுதல்தான். என் பேச்சைக் கேட்டால், கேஜுக்கு வைத்திருக்கும் காசை இதில் போடு. சாதாரணக் கோனில் பைப்பை எவ்வளவு வெளியே நீட்டுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் கைப்பழக்கம். ஆர்-410ஏ, ஆர்-32 மாதிரி அழுத்தம் கூடிய கேஸுக்குச் சாதாரண டூலில் பாரின் மேல்பரப்புக்கு மேலே 1 முதல் 1.5 மி.மீ. வரை பைப் நீட்டியிருக்க வேண்டும். கிளட்ச் டூலில் 0 முதல் 0.5 மி.மீ. போதும். கூட இறுக்கினால் உதடு மெலிந்துபோகும், நட்டை முறுக்கும்போது வெட்டுப்படும். கோனின் மேல் கம்ப்ரஸர் ஆயில் ஒரு சொட்டு விடு. முடிந்ததும் டார்ச் அடித்துப் பார், உள்முகம் சுற்றிலும் ஒரே மாதிரி மினுங்க வேண்டும், அகலம் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைய இருக்கக் கூடாது. நட்டை முதலிலேயே பைப்பில் போட்டாயா என்று நான் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதில் தப்பியதில்லை.

நல்ல பிளேரைக் கெடுக்கிறது ஸ்பேனர். ஒரு கையில் வால்வு உடம்பைப் பிடித்து, மறு கையில் நட்டைத் திருப்ப வேண்டும், அதனால் எப்போதும் இரண்டு வேண்டும். நட்டின் அளவு இரண்டு நூலுக்கு 17 மி.மீ., மூன்று நூலுக்கு 22. அரை இஞ்சுக்குப் பழைய ஆர்-22 கேஸ் மெஷினில் 24, புதியதில் 26. ஐந்து நூலுக்கு 27, புதியதில் 29. இத்தனைக்கும் தனித்தனி ரிங் ஓப்பன் வாங்கினால் தோள்பட்டை போய்விடும். நல்ல ஸ்க்ரூ ஸ்பேனர் இரண்டு, 8 இஞ்சும் 10 இஞ்சும், போதும். 10 இஞ்ச் 29 வரை திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள். தபாரியா போன்ற நம் நாட்டுப் பெயரே தாராளம். தாடையைப் பாதி திறந்து, கட்டை விரலால் ஆட்டிப் பார். லொட லொட என்று ஆடினால் அது நட்டின் முனையை மழுக்கிவிடும்.

இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இப்போது வாங்க வேண்டாம், சீனியரிடம் கேட்டு வாங்கிப் பழகு. ஏறக்குறைய எவ்வளவு இறுக்கம் என்று கைக்குத் தெரிய வேண்டும்: இரண்டு நூலுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், மூன்று நூலுக்கு 34 முதல் 42, அரை இஞ்சுக்கு 49 முதல் 61. கம்பெனி மேனுவலில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதைப் பார்த்துக்கொள். "இன்னும் ஒரு பிடி" என்று பலத்தைக் காட்டுகிறவர்கள் நட்டைத்தான் உடைக்கிறார்கள்.

சர்வீஸ் வால்வைத் திறக்கிற ஆலன் கீயும் இந்தக் கணக்கில்தான் சேரும். 4, 5 மி.மீ. இரண்டும் கெட்டியானதாக, முனை தட்டையாக வெட்டியதாக வாங்கு. உருண்டைத் தலை கீ இறுகிய வால்வில் வழுக்கும். வால்வின் அறுகோணக் குழி ஒருமுறை மழுங்கினால் பம்ப் டவுன் செய்யக்கூட, அதாவது கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டக்கூட, வழியிருக்காது.

இப்போது கரண்ட். டெஸ்டர் பையில் இருக்கட்டும், ஆனால் அதை நம்பிக் கை வைக்காதே. மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் அந்த நியான் எரிகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? காய்ந்த பைபர் ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால் சில நேரம் எரியவே எரியாது. உனக்குத் தேவை ஒரு கிளாம்ப் மீட்டர். வோல்ட், ஆம்ப், ஓம்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். நீ கேட்டு வாங்க வேண்டியது கெபாசிட்டரை அளக்கிற மைக்ரோபேரட் அளவு. நம் வேலையில் பாதி கெபாசிட்டர் கம்ப்ளைண்ட். உடம்பில் 35 என்று போட்டது மீட்டரில் 28 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். அளக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்துவிடு. மீட்டர் முகத்தில் "கேட் 3, 600 வோல்ட்" என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா பார். இன்வெர்ட்டர் மெஷின் பெருகிவிட்டதால், அலை ஒழுங்கில்லாத கரண்ட்டையும் சரியாக அளக்கிற ட்ரூ ஆர்எம்எஸ் இருந்தால் நல்லது. இன்வெர்ட்டர் என்றதும் ஒன்று: மெயினை அணைத்த பிறகும் அவுட்டோர் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தங்கியிருக்கும். சில நிமிடம் காத்திருந்து, மீட்டரை டிசியில் வைத்து அளந்துவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். மீட்டருக்கு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவே சரி. ஞாயிறு பெரும்பாலான கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமை காலையிலேயே போய்விடு, பில் இல்லாமல் வாங்காதே.

திருப்புளியில் இரண்டு மட்டும் 1000 வோல்ட் குறியும் இரட்டை முக்கோண அடையாளமும் போட்டதாக இருக்கட்டும். சாதாரண திருப்புளிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு அதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களோடு வாதாடாதே, நீ உன்னுடையதை எடு.

கேஜ் ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்? உன் கம்பெனி கொடுக்கும், அப்ரண்டிஸ் தனியாக கேஸ் போடப்போவதில்லை. யாராவது சீனியர் "ஆர்-22 கேஜ் இருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்க" என்பார். நம் வெயிலில் கண்டென்சர் 50 டிகிரியில் ஓடும்போது ஆர்-22 ஏறக்குறைய 270 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். அதே சூட்டில் ஆர்-410ஏ 430, ஆர்-32 கிட்டத்தட்ட 440. 500 பி.எஸ்.ஐ.யில் முடிகிற பழைய கேஜில் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், அந்த ஹோஸும் இந்த அழுத்தத்துக்குச் செய்ததாக இருக்காது. வாங்குகிற காலம் வந்தால் ஹை சைடு, அதாவது கூடின அழுத்தம் பார்க்கிற பக்கம், 800 வரை இருப்பதை வாங்கு. ஹோஸ் மாட்டுகிற சர்வீஸ் போர்ட்டும் வேறு. ஆர்-22க்கு இரண்டு நூல் மரை, ஆர்-410ஏ, ஆர்-32க்கு 5/16. அடாப்டர் மட்டும் இப்போதே ஒன்று பையில் போட்டு வை, யாரிடமும் இருக்காது, உனக்கு மரியாதை கூடும். வேக்யூம் பம்ப், எடை மெஷின் எல்லாம் கம்பெனிக் கவலை.

டூல் இல்லாத விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன் தீர்ந்துபோச்சு, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, அதை ஏத்துவோம் என்று யார் சொன்னாலும், சூப்பர்வைசரே சொன்னாலும், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு. கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தம் ஏறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

மிச்சம் பிடிக்கிற பட்டியல் பெரியது. சுத்தியல், அரம், டேப், ரசமட்டம், காயிலின் மெல்லிய தகடுகளை நிமிர்த்துகிற பின் சீப்பு, கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர். பாரிமுனைப் பக்கம் ஏதாவது ஹார்டுவேர் கடையில் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம். பை கான்வாஸ் பையாக இருக்கட்டும், இரும்புப் பெட்டியோடு பால்கனிக் கிரில்லைத் தாண்டி இறங்க முடியாது. ஸ்பேனர் கைப்பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள். மூன்றாவது மாடி அவுட்டோரில் இருந்து விழுகிற ஸ்பேனர் கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் அக்காவின் நெயில் பாலிஷை ஒரு கோடு போட்டு வை. சைட்டில் நாலு பேர் சாமான் கலந்தால் சண்டை வராது.

பைப் வளைக்கிற பெண்டர் வாங்காதே. இரண்டு நூலுக்கும் மூன்று நூலுக்கும் என்னுடைய லீவர் பெண்டர் பரணில் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். அரை இஞ்சுக்கு என்னிடம் இல்லை. கம்பெனியிலும் இல்லை என்றால் ஸ்பிரிங் பெண்டர் ஒன்று வாங்கிக்கொள், அவசரத்துக்கு ஓடும். கட்டர் வாங்கியதும் அந்தப் பைப் துண்டில் விழுந்த கோட்டைப் படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
மாமா