கேதார்கந்தா பயணத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். முதல் நன்றி, சிங்கப்பூரில் எங்கள் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே காலணி தைக்கும் பெரியவருக்கு. டிசம்பர் பனியில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலைச்சிகரத்துக்குப் புறப்பட்ட குழுவின் பதினோரு ஜோடி மலையேற்றக் காலணிகளையும் அவர் ஒவ்வொன்றாக வளைத்து, அடிப்பாகத்தின் நடுவே இருக்கும் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மூன்று ஜோடிகளை ஒதுக்கினார். ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டும் மறுத்தார். அவர் செய்ததே சரி. அந்த நுரை பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக். நம் ஊர் ஈரக்காற்றில் பல வருடம் செருப்பு அலமாரியில் கிடந்தால், போடாமலே உள்ளுக்குள் சிதைந்துவிடும். பசை தடவினாலும் அது பற்றிக்கொள்ள உறுதியான பொருள் அங்கே மிச்சம் இருக்காது. வெளியே பார்த்தால் புதிதுபோலத் தெரியும். மலையில் சில மணி நேரம் நடந்ததும் அடி அப்படியே கழன்று வரும். மாற்றுக் காலணியை அரை அளவு பெரிதாக வாங்கச் சொன்னதும் அவர்தான். தடித்த கம்பளிக் காலுறையோடு கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும்.

தேக்காவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு நன்றி. ஜாக்கெட், கூடாரம், தூக்கப்பை எல்லாவற்றின் ஜிப்பிலும் பத்து சென்டிமீட்டர் நாடா கோத்துத் தைத்தார். தடித்த கையுறையோடு ஜிப்பின் சின்ன உலோக நாக்கைப் பிடிக்க முடியாது. கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் விறைக்கும். கையுறைகளை மணிக்கட்டோடு கட்டிவைக்கும் வாரையும் அவரே தைத்தார். சரிவில் காற்று ஒரு கையுறையை அடித்துக்கொண்டு போனால், அது சின்ன இழப்பு இல்லை.

உறைகிடங்கில் வேலை பார்க்கும் அண்ணனைவிடக் குளிரை அறிந்தவர் சிங்கப்பூரில் யார்? அவர் சொல்லித் தந்ததன் சாரம், வியர்க்கக் கூடாது என்பதே. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும்; ஏறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும்; நின்ற உடனே, குளிர் தெரியும் முன்பே, இறகு ஜாக்கெட்டைப் போட்டுவிட வேண்டும். பருத்தி ஒரு துணி கூடாது, உள்ளாடை உட்பட. அது வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியே வைத்து, அதைப் போட்டு ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்றார். பதினோரு பேரும் அதை அப்படியே கடைப்பிடித்தோம்.

எங்கள் அடுக்குமாடி புளோக் குடியிருப்பாளர்களுக்கு நன்றியும் மன்னிப்பும். மூன்று மாதம் விடியற்காலையில் முதுகுப்பையோடு படிக்கட்டில் ஏறி இறங்கிய சத்தத்தைப் பொறுத்துக்கொண்டீர்கள். புக்கிட் தீமா குன்றின் உச்சியே 163 மீட்டர்தான். நீண்ட ஏற்றத்துக்கு அது போதாது. மாடி ஒன்றுக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், பன்னிரண்டு மாடியை இருபது முறை ஏறுவது ஏறத்தாழ 670 மீட்டர். கேதார்கந்தா வழியில் உள்ள ஜூடா கா தாலாப் ஏரிக்கரையிலிருந்து அடிவார முகாமுக்கு உள்ள ஏற்றமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இறங்கும்போது மின்தூக்கியை எடுக்காமல் படியிலேயே இறங்கியதற்குக் காரணம் உண்டு. இறக்கத்தில்தான் தொடைத்தசை அதிகம் அடிபடும்.

அதே 670 மீட்டரைக் கேட்டுத்தான் மருந்தகத்து டாக்டர் எங்கள் திட்டத்தை மாற்றச் சொன்னார். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதனால் ஏரிக்கரையில் ஒரு இரவு கூட்டினோம். உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையை யார் எடுக்கலாம், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஏன் முதலிலேயே சொல்ல வேண்டும், விரல் நுனி குறுகுறுத்தால் ஏன் பயப்பட வேண்டாம் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது, நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் இரவானாலும் இறக்கிவிட வேண்டும் என்று அவர் எழுதித் தந்த சீட்டு எல்லார் பையிலும் இருந்தது.

மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்து வழிகாட்டி அண்ணன்மாருக்கும் சமையல் அண்ணனுக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும். இரவில் சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கும் இடம் அது. கூடாரம் போடும் முன் பனியை மிதித்துச் சமப்படுத்தி, அரை மணி நேரம் இறுக விட்டார்கள். அவசரப்பட்டால் உடம்புச் சூட்டில் பனி குழிந்து, விடியும்போது பள்ளத்தில் கிடப்போம். தூள்பனியில் கூடார முளை நிற்காது. அதற்குப் பதிலாகப் பையில் பனியை அடைத்து, கூடாரக் கயிற்றைக் கட்டிப் புதைத்தார்கள். மூச்சின் ஈரம் துணியில் உறைந்து முகத்தில் கொட்டாமலிருக்கக் காற்றுத் துளையைத் திறந்தே வைத்தார்கள். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்ட யாரையும் விடவில்லை. அடுப்பு விடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

பனியை உருக்க, பானையில் முதலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அடி கருகும் என்று காட்டியவர் சமையல் அண்ணன். பத்து லிட்டர் புதுப்பனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் தேறும். பனியை உருக்கவே, அந்தத் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு எரிபொருள் போகும். அடுப்பு வாயுவான புட்டேன் சுழியத்தை ஒட்டியே ஆவியாக மறுக்கும் என்பதால், குப்பியை வெதுவெதுப்பான நீர்த்தட்டில் நிறுத்தினார். அடிவார முகாமின் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

அதனால்தான் வறுத்த ரவையில் கடுகு தாளித்து, ஆளுக்கு 80 கிராம் பொட்டலம் கட்டித் தந்த அக்காமாரை அங்கே தினமும் நினைத்தோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும் என்று நல்லெண்ணெயில் தாளித்தது நல்ல யோசனை.

தூக்கப்பைகளும் தரைவிரிப்புகளும் இரவல் தந்த நண்பர்களுக்கு: நுரை விரிப்பின் மேல் காற்று விரிப்பு, இரண்டும் சேர்ந்தே தரைக்குளிரைத் தடுத்தன. தூக்கப்பைகளை இறகுக்கான சோப்பில் துவைத்து, குறைந்த சூட்டில் டென்னிஸ் பந்துகளோடு உலர்த்தி, கட்டி எதுவும் இல்லாமல் உதிர்த்திருக்கிறோம். நீர் வடிகட்டி ஒன்று மட்டும் ஓர் இரவு வெளியே கிடந்து உறைந்துவிட்டது. உள்ளே குழல்கள் வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் திருப்பித் தராமல் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளலாம். தூக்கப்பையைச் சுருட்டி அடைக்காமல் தொங்கவிட்டே வையுங்கள்.

நன்றியுடன்,
கேதார்கந்தா குழுவினர் பதினொருவர்
சிங்கப்பூர்