எலும்பு கூடட்டும், அப்புறம் வண்டி

தண்டையார்பேட்டை

அன்புள்ள கண்ணுக்கு,

பைக் ரேஸில் விழுந்து, தொடையில் ராடும் காரை எலும்பில் பிளேட்டும் வைத்திருக்கும்போது, அடுத்த மாதமே பிராக்டீஸுக்கு வண்டி எடுக்கலாமா என்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எழுதி வைத்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

ரேஸை விட்டுவிடு என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, சோழவரத்துப் பழைய ரன்வேயில் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர் உன் அப்பா. ஆனால் அடுத்த மாதம் வேண்டாம்.

பெற்றவளின் பயம் இதில் இல்லாமல் இல்லை. ஆனால் எலும்பு வார்டில் நர்ஸாக இருந்தவளும் நான்தானே. தொடை எலும்புக்குள் ராடு, அதாவது உலோகக் கம்பி, போட்டதும் வலி சீக்கிரம் அடங்கிவிடும், நடக்கவும் வரும். உடனே எலும்பு கூடிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். ராடு எலும்பைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். தொடை எலும்பு சரியாகக் கூட 4 முதல் 6 மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். கூடாத எலும்பின் பாரத்தைத் தொடர்ந்து சுமந்தால் உள்ளே இருக்கிற ராடும் உடையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் அடிபட்டு, ராடு போட்டு, அவசரப்பட்டு வேலைக்குப் போய், உடைந்த ராடோடு திரும்பி வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டம்டா.

மோட்டோஜிபி பைக் ரேஸர் மார்க் மார்க்கெஸ் அடிபட்டுத் திரும்பி வந்து 2025இல் சாம்பியன் ஆன கதையைச் சொன்னாய். அந்தக் கதையின் ஆரம்பத்தையும் படி. 2020 ஜூலையில் ஸ்பெயினில் ஹெரெஸ் ரேஸில் விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆன அதே வாரம் வண்டியில் ஏறிப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்ச நாளில் எலும்பில் வைத்த பிளேட் உடைந்து மறுபடி ஆபரேஷன், டிசம்பரில் மூன்றாவது, 2022இல் நான்காவது. உலகத்தின் சிறந்த டாக்டர்கள் கூடவே இருந்த ஒருவருக்கே இத்தனை வருஷம் போயிற்று. நீ திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போக வேண்டியவன், பிசியோவுக்குச் சொந்தப் பணம் கொடுக்கிறவன். ரேஸில் அடிபட்டால் நம் மாதிரி ஆட்கள் எடுக்கிற இன்சூரன்ஸில் பெரும்பாலும் காசு வராது என்பதும் உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியா பைக் ரேஸர் மிக் டூஹன் கதைதான். 1992இல் நெதர்லாந்தில் ஆசன் டிராக்கில் விழுந்து, வலது காலையே எடுக்க வேண்டி வரும் என்ற நிலை. ரத்த ஓட்டம் கிடைக்கட்டும் என்று இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்தார்கள். அந்தக் காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியாமல் போனபோது, கட்டை விரலால் பிடிக்கிற மாதிரி ஹேண்டில்பாரில் பிரேக் வைத்துக்கொண்டார். 1994 முதல் 1998 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டம். தன் கால் இனி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு வண்டியை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றினாரே, அதைத்தான் நீ அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

உன் கால் என்ன செய்யும் என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். தையல்காரர் டேப் ஒன்று வாங்கு. முட்டிச் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் அளந்து எழுதி வை. படுத்திருந்த காலத்தில் தொடைச் சதை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால் உனக்கே திக்கென்று இருக்கும். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது, குதிகாலை இழுத்து மடக்குவது: பிசியோ சொன்ன இந்த மூன்றையும் காலையிலும் மாலையிலும் விடாமல் செய். அலுப்பாக இருக்கும், தெரியும். ரேஸ் வண்டியில் கால் வைக்கிற இடம் பின்னால் தள்ளி, உயரமாக இருக்கிறது. முட்டி நன்றாக மடங்காமல் கியர் மாற்றுவது எப்படி? பிரேக் பிடிக்கும்போது உடம்பு முழுக்க முன்னால் வந்து கையில் இறங்குமே, அதைத் தாங்க காரை எலும்பும் தயாராக வேண்டாமா?

சிகரெட்டைத் தொடாதே. எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். எதிர் வீட்டு அக்கா புத்தூர் கட்டு போடச் சொல்கிறார், அன்பில் சொல்வதுதான். ஆனால் ராடும் பிளேட்டும் உள்ளே இருக்கும்போது யாரும் இழுத்து நீவக் கூடாது. விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போட்டுவிடு. வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நசுங்கிய ஃபோம் மறுபடி எழாது.

விழுந்த வீடியோவை ராத்திரியில் போட்டுப் போட்டுப் பார்ப்பதாக உன் ரூம் பையன் சொன்னான். எங்கே வழுக்கியது என்று தெரிய ஒரு தடவை போதுமேடா. தூக்கம் வரவில்லை என்றால், சத்தம் கேட்டால் உடம்பு பதறுகிறது என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லு. வார்டில் எத்தனையோ பெரிய ஆம்பளைகள் அப்படி அழுது பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும் படத்தை எனக்கு அனுப்பு. எந்த வண்டி, எந்த ஸ்பீடு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, “ரேஸ் ஓட்டலாமா” என்றே கேள். வண்டி ஓட்டலாம் என்று அவர் சொன்னால் அது ஆபீஸ் போகிற ஸ்கூட்டருக்குச் சொன்னதாக இருக்கும். அவர் சரி என்று சொல்லும் நாளில் நானும் அப்பாவும் கோயம்புத்தூர் வருகிறோம். காசிமேட்டு நெத்திலி காய வைத்திருக்கிறேன், நாளை கூரியரில் வரும். தினமும் முட்டையும் சாப்பிடு.

அம்மா