சின்னவன் சாப்பிட்டானா?

களுதாவளை,
08.03.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. கிளினிக்கில் தந்த குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். போனில் சொல்லலாம்தானே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்கு வாய் முந்திவிடும், அது உனக்குத் தெரிந்ததுதான். மேற்கு வீட்டு மாமாவின் மகன் அடுத்த கிழமை லண்டனுக்குத் திரும்புகிறான். பார்சலோடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

மாரி முடிந்து தோட்டம் தொடங்கியாச்சு. கத்தரி நட்டிருக்கிறேன், வெண்டி பூத்து நிற்கிறது. மிளகாய் இந்த முறை சரியில்லை, இலை சுருண்டு போகிறது. வெற்றிலைக் கொடி நன்றாக வந்திருக்கிறது. தோட்டத்துச் செய்தி அவ்வளவுதான்.

சின்னவன் சாப்பிடுகிறானா?

பாலையும் பிஸ்கற்றையும் வெறும் சோற்றையும் தவிர என் பேரனுக்கு ஒன்றும் இறங்குவதில்லை என்று தை மாதம் சொன்னாய். பச்சை நிறத்தில் எது இருந்தாலும் பீங்கானையே தள்ளிவிடுகிறான் என்றாய். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் நம் மிட்வைஃப்பிடம் போய்க் கேட்டேன். உன்னைப் பெற்றபோது அம்மாவுக்குத் திரிபோஷா சத்துமா கொண்டுவந்து தந்தாவே, அவதான். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறா. முற்றத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கேட்டுவிட்டு வந்தேன்.

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளை முதல் வருஷத்தில் வளர்கிற வேகம் பிறகு இருக்காதாம், அதனால் பசியும் குறையுமாம். இரண்டு வயதுக்குப் பிறகு புதுச் சாப்பாட்டைக் கண்டால் பயப்படுவது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானாம். ஆறு வயதுக்குப் பிறகு அந்தப் பயம் மெல்ல விடுமாம். கைப்பு ருசி நம்மைவிடப் பிள்ளைகளின் நாக்குக்குக் கூடத் தெரியுமாம். ஒரு மரக்கறியைப் பத்துப் பதினைந்து தரம் கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்களாம். கண்டாலும் பயன்தானாம், ஒவ்வொரு தரமும் தின்ன வேண்டுமென்றில்லையாம். நீ கரட்டை எத்தனை தரம் வைத்துப் பார்த்தாய், மகள்? மூன்று தரம் வைத்துவிட்டு இவனுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டியிருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பாலைக் குறை. இதை நான் முதலும் சொன்னேன். பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்கு எங்கே பசி வரும்? நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் வேண்டாம் என்று அவ சொன்னா. கூடக் குடித்தால் இரும்புச்சத்தும் குறைந்துபோகுமாம். சாப்பாட்டுக்கு முன்னால் போத்தலைக் காட்டாதே.

அங்கே ஒரு நாளைக்கு 5 பங்கு பழமும் மரக்கறியும் என்று சொல்வதை நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சின்னப் பிள்ளைக்கு ஒரு பங்கு என்பது அவனுடைய உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், உன் உள்ளங்கை அளவு இல்லை. அந்தக் கையை நினைத்துப் பார். இரண்டு துண்டு வாழைப்பழம், ஒரு பிடி பயற்றங்காய். முந்திரிகைப் பழம் (திராட்சை) கொடுத்தால் நீளப்பாட்டில் நாலாக வெட்டிக் கொடு, முழுசாகக் கொடுக்காதே. கிளினிக்கில் தந்த சிவப்புப் புத்தகத்தில் அவன் எடைக் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று நீயே சொன்னாய். கோடு ஏறினால் பிள்ளை வளர்கிறான். அதை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்.

நீ வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, இரவில் அந்தப் பரீட்சைக்கும் படிக்கிறாய். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் உன் பெயரைச் சொல்லித்தான் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள். பிள்ளையார் கோயிலில் கண்டால் உன் ரீச்சர் இன்றைக்கும் உன்னைப் பற்றிக் கேட்பா. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மகள், நாலு கிழமையாக நீ சின்னவனை வீடியோவில் காட்டவில்லை. நித்திரை என்கிறாய், நேர்சரிக்குப் போய்விட்டான் என்கிறாய். சனிக்கிழமையும் நேர்சரியா?

பாலைக் குறை என்று எழுதினேன் அல்லவா, பிஸ்கற்றையும் அப்படித்தான். வீட்டில் இருந்தால் கேட்பான். வாங்காமல் விட்டால் இரண்டு நாள் அழுவான், மறுகா மறந்துவிடுவான். இன்னொன்று. மரக்கறி தின்றால் ரொபி தருகிறேன் என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் மரக்கறி தண்டனை, ரொபிதான் பரிசு என்று பிள்ளைக்குப் பதிந்துவிடும். இதுவும் மிட்வைஃப் சொன்னதுதான். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்பது பெற்றோரின் வேலை, தின்பதா விடுவதா, எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் வேலை என்றா. நான் எழும்பி வரப் பார்த்தேன். அவ என்னைத்தான் சொல்கிறா என்று பட்டது.

பெரியக்காவின் பேரன் போன சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்தான், சின்னவனைவிட ஒரு வயது மூப்பு. அவனும் வீட்டில் மரக்கறி தொடமாட்டான். வெண்டிக்காய் ஆயும்போது ஒரு கூடையைக் கையில் கொடுத்தேன். நாலாவது காயை ஆய்ந்தவுடன் நுனியை முறித்து வாயில் போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்காத மாதிரி அடுத்த பாத்திக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது இன்னொன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். பச்சை வெண்டிக்காய்!

நீயும் அப்படித்தான் இருந்தாய். கிணற்றடியில் தக்காளியைச் சட்டையில் துடைத்துக் கடிப்பாய், சாறு முழங்கை வரை ஓடும். நாவற்பழக் காலத்தில் நாக்கு ஊதா நிறமாக இருக்கும். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்குவாய். விளாம்பழத்தைத் திண்ணையில் உடைத்துச் சீனி போட்டுத் தின்ற சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. மரத்தில், கொடியில், மண்ணில் இருந்த எதையும் நீ வேண்டாம் என்றதில்லை. என் முன்னால் பீங்கானில் வைத்தபோதுதான் வேண்டாம் என்றாய்.

இனி மறைத்துப் பயனில்லை. எழுதிவிடுகிறேன்.

1997இல் உனக்கு 6 வயது. பொன்னாங்காணிச் சுண்டல். மற்றதெல்லாம் தின்றுவிட்டு அதை மட்டும் பீங்கான் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாய். தின்னும்வரை எழும்பக் கூடாது என்று நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். பொழுது பட்டு அம்மா விளக்கு ஏற்றினா. பிறகு நான் உன் மூக்கைப் பிடித்து வாயில் திணித்தேன். நீ சத்தி எடுத்தாய். அதற்கும் அடித்தேன். ஈர்க்குக் குச்சியால், இரண்டு காலிலும். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அந்த ஒருநாள் மட்டும் என்று நான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இல்லை. உனக்கு நாட்கள் தெரியும்.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு இரவு சொன்னா. நீ கீரையைச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய் வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் புதைப்பாயாம். அம்மா சட்டை கழுவும்போது கண்டு, எனக்குத் தெரியாமல் விட்டுவிட்டாவாம். பத்து வயது வரை புதைத்தாயாம். நான் அந்தக் கொடிக்காலுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் விட்டவன்.

1990இல் முகாமில் உன் அண்ணனுக்கு நடந்தது உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதமாட்டேன். அவன் கடைசியாகக் கேட்டது என்ன, நான் கொடுக்க முடியாமல் போனது என்ன என்பதும் உனக்குத் தெரியும். நீ சாப்பாட்டைத் தள்ளும்போது எனக்கு உன் முகம் தெரியவில்லை, அவன் முகம்தான் தெரிந்தது. ஆனால் அதை வைத்து என் பிழையைச் சரி என்று ஆக்க முடியாது. அவனுக்குக் கொடுக்க முடியாததை உன் தொண்டையில் திணித்தேன், மகள். நீ என்ன குற்றம் செய்தாய்?

போன மாதம் 9ஆம் திகதி வீடியோவில் சின்னவன் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தான். நீ கரண்டியோடு நின்றாய். உன் கண்ணும் சிவந்திருந்தது. அப்போது நான் சொன்னேன், “ரெண்டு போடு, தின்பான்” என்று. நீ போனை மேசையில் கவிழ்த்து வைத்தாய். எனக்குக் கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும்.

அந்தச் சொல் என்னுடையது. உன்னுடைய கை என்றாலும் சொல் என்னுடையது. அன்றிலிருந்து நீ அவனைக் காட்டாமல் இருப்பது வெட்கத்தினால் என்று எனக்குத் தெரிகிறது. உன்மீது எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன். அவனை மடியில் வைத்து, அம்மா பிழை செய்துவிட்டேன் என்று சொல்லு. 4 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். நான் உனக்கு 28 வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

சரி. அவனுக்கு வைப்பதை நீயும் பக்கத்தில் இருந்து தின்னு, தின்னு என்று சொல்லாதே. அவன் தள்ளினால் பேசாமல் பீங்கானை எடுத்துவிடு, அடுத்த நேரத்துக்குப் பசியோடு வருவான். சித்திரை, வைகாசியில் குளிர் விட்டதும் யன்னல் ஓரத்தில் ஒரு சட்டியில் தக்காளி வை. விதை இங்கிருந்து அனுப்ப ஏலாது, அங்கே கடையில் வாங்கு. தண்ணீர் ஊற்றுவது அவன் வேலையாக இருக்கட்டும். காய்த்தால் அவனே பறிக்கட்டும். தின்னாவிட்டால் விடு. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு பழமோ மரக்கறியோ கொடுப்பார்கள் என்று சொன்னாயே, மற்றப் பிள்ளைகள் தின்பதைக் கண்டு அவனும் கை நீட்டுவான். பாலைக் குறைக்க மறக்காதே.

பார்சலில் மரமுந்திரிகைப் பருப்பு, வறுத்த அரிசிமா, பெரியக்கா தந்த மாங்காய் ஊறுகாய் எல்லாம் வைத்திருக்கிறேன். பொன்னாங்காணி வற்றல் வேண்டுமா என்று பெரியக்கா கேட்டா. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எடு, மகள். போனை அவன் கையில் கொடு. கிணற்றடிக்கு ஒரு ஆமை வந்திருக்கிறது, காலையில் வாழைக்குக் கீழே படுக்கிறது. அதை அவனுக்குக் காட்ட வேண்டும். சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன்.

அப்பா